ஃபில்ஜான்: கைப்பிடி இல்லாத கோப்பையின் கதை

பல்கேரிய மொழியில் கோப்பைக்குப் பாடநூல் சொல்லித்தரும் சொல் ‘சாஷா’. பள்ளிக் குழந்தைகள் எழுதுவதும் செய்தித்தாளில் வருவதும் அதுதான். ஆனால் கிராமத்துப் பழைய வீடுகளில் இன்னொரு சொல் உண்டு. அது ‘ஃபில்ஜான்’. சிலர் ‘ஃபின்ஜான்’ என்றும் சொல்வார்கள். காபி குடிப்பதற்கான, கைப்பிடி இல்லாத, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சிறு கிண்ணம் அது. இரண்டு மூன்று வாய்க்கு மேல் கொள்ளாது. அகராதியில் இந்தச் சொல்லைத் தேடினால், பக்கத்திலேயே அது பழைய வழக்கு, வட்டார வழக்கு என்ற குறிப்பு நிற்கும்.

அந்தக் குறிப்பைப் பார்க்கும் ஒருவர் என்ன நினைப்பார்? ஏதோ ஒரு மூலையில் நாலு ஊர்க்காரர்கள் மட்டும் பேசும் சொல், வெளியே எடுத்துப் போனால் செல்லாது என்றுதானே? உண்மை நேர் எதிராக இருக்கிறது. பாடநூல் சொல்லான ‘சாஷா’வின் சொந்தங்கள் பெரும்பாலும் ஸ்லாவிய மொழிகளுக்குள்ளேயே இருக்கின்றன. வட்டார வழக்கு என்று ஓரம் கட்டப்பட்ட ‘ஃபில்ஜான்’ சொல்லுக்கோ போலந்து முதல் மலேசியா வரை உறவுகள். அந்த உறவுகளில் ஒன்று நம் வீட்டு ஊறுகாய் ஜாடியில் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஃபில்ஜான் இருக்கும் சமையலறையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். பல்கேரியா ஐரோப்பாவின் தென்கிழக்கே, பால்கன் தீபகற்பத்தில் இருக்கிறது. மொழி ஸ்லாவியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ரஷ்யமும் செர்பியமும் அதற்குப் பங்காளிகள். மண்பானைக்கு வழங்கும் ‘கர்னே’ அந்தக் குடும்பத்துச் சொத்து. தெற்கே அண்டை நாடு கிரேக்கம் என்பதால், வாணலிக்கு வழங்கும் ‘டிகான்’, தண்ணீர் எடுக்கும் மண்குடத்துக்கு வழங்கும் ‘ஸ்தோம்னா’ இரண்டும் அங்கிருந்து வந்து சேர்ந்தன. சமையல் பாத்திரமான ‘தென்ஜெரா’, அடுப்புக்குள் வைத்துச் சுடும் தட்டான ‘தவா’, சாப்பிடும் தட்டான ‘சினியா’ ஆகியவை துருக்கி மொழி வழியாக வந்தவை. இவற்றில் ‘தவா’ என்ற சொல்லுக்கு நமக்கு விளக்கமே வேண்டாம். சூடாக்குதல் என்ற பொருள் கொண்ட பாரசீக வேரிலிருந்து கிளைத்த அந்தச் சொல், மேற்கே போய் பல்கேரியரின் அடுப்புத் தட்டானது. கிழக்கே வந்து நம் தோசைத் தவா ஆனது. ‘சினியா’ என்றால் சீனத்துப் பொருள் என்று பொருள். நம் வீட்டில் சீனச்சட்டி இல்லையா, அதுபோல.

ஆகுபெயர் நடத்தும் தமிழாசிரியர்களுக்கு இந்தச் சமையலறையில் நல்ல விருந்து இருக்கிறது. ‘கியூவெச்’ என்பது ஒரு மண்சட்டியின் பெயர். அதில் காய்கறியும் இறைச்சியும் சேர்த்து வேகவைக்கும் உணவின் பெயரும் அதுவே. ‘பக்கர்’ என்பது துருக்கியில் செம்பு என்னும் உலோகம். பல்கேரிய வட்டார வழக்கில் அது செம்பினால் செய்த வாளியையும் குறிக்கும். தண்ணீர் மொள்ளும் பாத்திரத்தைச் ‘செம்பு’ என்று சொல்லும் நமக்கு இது புதிதல்ல. ‘எவர்சில்வரை எடுத்து வை’ என்றால் நம் வீட்டில் யாரும் உலோகத்தைத் தேடுவதில்லை.

ஃபில்ஜானுக்கு வருவோம்.

பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் பல்கேரியா உதுமானியப் பேரரசின் கீழ் வந்தது. 1393இல் அதன் தலைநகரான தர்னோவோ விழுந்தது. 1396இல் விதின் விழுந்தது. அதன்பின் 1878 வரை, ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகள் உதுமானியர் ஆட்சி. அந்த ஆட்சியின் நடுப்பகுதியில்தான் காபி வருகிறது. ஏமன் நாட்டிலிருந்து கிளம்பிய காபி, பதினாறாம் நூற்றாண்டின் நடுவில் இஸ்தான்புல்லில் கடை போட்டது. அங்கிருந்து பேரரசின் சிறு நகரங்களுக்கெல்லாம் பரவியது. புதுப் பானம் தனியாக வருவதில்லை, தன் பாத்திரங்களையும் பெயர்களையும் கூடவே கூட்டிக்கொண்டு வரும். காய்ச்சும் சிறு பாத்திரம் ‘ஜெஸ்வே’, குடிக்கும் கிண்ணம் துருக்கியில் ‘ஃபின்ஜான்’. கைப்பிடி இல்லாத கிண்ணத்தில் கொதிக்கும் காபியை எப்படிப் பிடிப்பது? அதற்கு ‘ஸர்ஃப்’ என்ற உலோகக் கூடு இருந்தது. கிண்ணத்தை அதற்குள் இறக்கி வைத்துவிட்டுக் கூட்டைப் பிடித்துக் குடிப்பார்கள். நம் டம்ளருக்கு டபரா துணை போல, ஃபின்ஜானுக்கு ஸர்ஃப் துணை. இன்றைய துருக்கியில் ஸர்ஃப் என்றால் கடித உறை. உள்ளே ஒன்றை வைத்துக்கொள்வதுதானே இரண்டுக்கும் வேலை.

இவான் வாசோவ் எழுதிய ‘நுகத்தடியின் கீழ்’ என்ற நாவல், பல்கேரியப் பள்ளிகளில் தலைமுறை தலைமுறையாகப் படிக்கப்படுவது. அதில் உதுமானியர் ஆட்சிக்கு எதிரான எழுச்சிக்குத் தயாராகும் சிறு நகரத்தில் கான்கோ என்பவரின் காபிக்கடை ஒன்று வருகிறது. ஊரின் வம்பும் அரசியலும் அங்கேதான் பேசப்படும். நம் கிராமத்து டீக்கடைப் பெஞ்சை அறிந்தவர்களுக்கு அந்தக் கடை அந்நியமாகத் தோன்றாது. ஆளும் துருக்கியரை எதிர்த்தவர்களும் துருக்கியப் பெயர் கொண்ட கிண்ணத்தில்தான் காபி குடித்தார்கள்.

விடுதலைக் காலத்தில் மொழியைத் தூய்மை செய்யும் முயற்சிகளும் நடந்தன. 1846இல் லைப்சிக் நகரிலிருந்து முதல் பல்கேரியச் செய்தித்தாளை வெளியிட்ட இவான் பொகொரோவ், பிறமொழிச் சொற்களை விலக்கப் புதுச்சொற்கள் பலவற்றை ஆக்கியவர். செய்தித்தாளைக் குறிக்க இன்றும் வழங்கும் ‘வெஸ்த்னிக்’ அவர் தந்தது என்பார்கள். நம் தனித்தமிழ் இயக்கத்தை அறிந்த நமக்கு அந்த உணர்வு எளிதில் விளங்கும். அலுவலகத்திலும் பாடநூலிலும் இருந்த துருக்கியச் சொற்கள் பல மறைந்தன. ஆனால் சமையலறைக்குள் அந்த அலை முழுதாக நுழையவில்லை. ‘தென்ஜெரா’, ‘தவா’, ‘சினியா’ மூன்றும் இன்றும் பொதுவழக்கில் தலைநிமிர்ந்து நிற்கின்றன. அப்படியென்றால் அவற்றோடு வந்த ஃபில்ஜான் மட்டும் ஏன் வட்டார வழக்கானது? என் கணிப்பு இது: சொல் தோற்கவில்லை, பொருள்தான் போய்விட்டது. ஐரோப்பிய பாணியில் கைப்பிடியும் சாசரும் உள்ள கோப்பைகள் வந்தன. கைப்பிடி இல்லாத கிண்ணம் பரணுக்குப் போனது. கிண்ணத்தோடு அதன் பெயரும் பரண் ஏறியது. நம் ஊரில் மரக்கால், படி போன்ற அளவைப் பெயர்களுக்கு நேர்ந்ததும் இதுதானே.

மேற்கே செர்பியாவைக் கடந்து போஸ்னியாவுக்குப் போய்ப் பாருங்கள். அங்கே காபி இன்றும் கைப்பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில்தான் வருகிறது. அதன் பெயர் ‘ஃபில்ஜான்’. வயதானவர்கள் மட்டுமல்ல, கல்லூரி மாணவர்களும் கடைக்காரரும் சொல்லும் அன்றாடச் சொல் அது. போலந்து மொழியில் ‘ஃபிலிஜாங்கா’ என்பது கோப்பைக்கான பாடநூல் சொல்லே. ஒரே சொல் ஓரிடத்தில் ‘வட்டார வழக்கு’ முத்திரை வாங்குகிறது, இன்னோரிடத்தில் தேர்வுத்தாளில் மதிப்பெண் வாங்குகிறது. சொல்லுக்குள் இருக்கும் எந்தக் குறையும் அந்த முத்திரைக்குக் காரணமில்லை. குழந்தையின் நோட்டில் ‘இது கொச்சை’ என்று சிவப்பு மையால் சுழிப்பதற்கு முன், நான் இப்போதெல்லாம் ஒரு நிமிடம் நிற்கிறேன். எழுத்துத் தமிழில் எது வரவேண்டும் என்று சொல்லிக்கொடுப்பது நம் கடமை. அதற்காக வீட்டுச் சொல் தாழ்ந்தது என்று சொல்லத் தேவையில்லை.

பல்கேரியாவில் இப்படி நின்று கவனித்த ஓர் ஆசிரியர் இருந்தார். கோப்ரிவ்ஷ்டித்சா என்ற மலை ஊரில் 1823இல் பிறந்த நைதன் கெரோவ். சொந்த ஊரிலும் பின்னர் பிளாவ்திவ் நகரிலும் பள்ளி நடத்தியவர். பல்கேரியர் தம் எழுத்தைக் கொண்டாடும் சிரில் – மெத்தோடியஸ் திருநாளைப் பள்ளி விழாவாக 1851இல் பிளாவ்திவில் கொண்டாடியவரும் அவரே. வாழ்நாள் முழுவதும் மக்கள் பேசும் சொற்களைத் திரட்டினார். அவருடைய அகராதி 1895 முதல் 1904 வரை ஐந்து பகுதிகளாக வெளிவந்தது. 1900இல் அவர் இறந்தபின்தான் கடைசிப் பகுதிகள் அச்சேறின. நம் கி.ராஜநாராயணன் கரிசல் சொற்களைத் தொகுத்த உழைப்பை நினைத்துக்கொண்டால் கெரோவின் வேலை எப்படிப்பட்டது என்று புரியும்.

இனி, சொல் வந்த வழியில் பின்னோக்கி நடப்போம். துருக்கியின் ‘ஃபின்ஜான்’ எப்படி ‘ஃபில்ஜான்’ ஆயிற்று? ஒரே சொல்லில் இரண்டு னகர ஒலிகள் நெருங்கி வரும்போது, நாக்கு ஒன்றை மாற்றிக்கொள்ளப் பார்க்கும். முதல் ‘ன்’ ‘ல்’ ஆனது. துருக்கிய நாட்டுப்புறப் பேச்சிலேயே இந்த மாற்றம் உண்டு. பொருள் மாறாமல் எழுத்து மட்டும் மாறுவதை நாம் போலி என்போம். பந்தல் – பந்தர், சாம்பல் – சாம்பர் என்று வகுப்பில் எடுத்துக்காட்டுகிறோம் அல்லவா? அந்த வரிசைக்குப் பக்கத்தில் இதையும் வைக்கலாம். அல்பேனியம், ருமேனியம், கிரேக்கம் ஆகியவை எல்லாம் லகரம் உள்ள வடிவத்தையே எடுத்துக்கொண்டன. ஹங்கேரியர் மட்டும் பழைய னகரத்தை விடாமல் ‘ஃபின்ஜா’ என்கிறார்கள்.

துருக்கிக்கு இந்தச் சொல் அரபியிலிருந்து வந்தது. அரபியிலும் ‘ஃபின்ஜான்’ தான். அரபிக்கு எங்கிருந்து? பாரசீகத்திலிருந்து. அங்கே அதன் வடிவம் ‘பிங்கான்’. இங்கே இரண்டு எழுத்துகள் மாறியிருக்கின்றன. அரபியில் ‘ப’ ஒலி கிடையாது. ‘ப’ வந்தால் ‘ஃப’ ஆக்கிவிடுவார்கள். பாரசீக மொழிக்கு ‘பார்சி’ என்று இருந்த பெயர் ‘ஃபார்சி’ ஆனது இப்படித்தான். பழைய பெயரை மும்பைப் பார்சி மக்கள் இன்றும் சுமக்கிறார்கள். (நாம் தலைகீழ். ‘ஃப’ வந்தால் ‘ப’ ஆக்கிக் ‘காபி’ என்று எழுதிக் குடித்துவிடுவோம்.) அதேபோல, பாரசீகத்தின் வல்லின ‘க’, அரபியில் ‘ஜ’ ஆகும். மணி என்னும் பொருள்படும் பாரசீகக் ‘கௌஹர்’ அரபியில் ‘ஜௌஹர்’ ஆகி, அதன் பன்மை ‘ஜவாஹிர்’ ஆகி, நம் முதல் பிரதமர் பெயரில் ‘ஜவாஹர்’ என்று வந்து நிற்கிறது. ‘பிங்கான்’ இந்த இரண்டு விதிகளுக்கும் உட்பட்டு ‘ஃபின்ஜான்’ ஆயிற்று.

இப்போது ‘பிங்கான்’ என்று ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

பீங்கான்! நம் பீங்கான் இதே பாரசீகச் சொல்தான். தமிழ்ப் பேரகராதியும் அதைப் பாரசீகச் சொல் என்றே குறிக்கிறது. இதில் ஒரு துப்பும் இருக்கிறது. தமிழில் ‘ப’வும் ‘ங்க’வும் மாறாமல் அப்படியே இருக்கின்றன. ஆகவே இது அரபி வாய் வழியாக வந்ததல்ல, பாரசீக வடிவம் அப்படியே கிழக்கே வந்திருக்கிறது. பல்கேரியரின் ஃபில்ஜானில் அரபியின் கைரேகை தெரிகிறது. நம் பீங்கானில் அது இல்லை. எழுத்து மாற்றத்தைக் கொண்டு ஒரு சொல் எந்தச் சாலையில் வந்தது என்று கண்டுபிடிக்கும் இந்தக் கலையை எட்டாம் வகுப்புக் குழந்தைக்கும் சொல்லித்தரலாம். துப்பறியும் கதை போலக் கேட்பார்கள்.

தெலுங்கிலும் கன்னடத்திலும் ‘பிங்காணி’, மலையாளத்தில் ‘பிஞ்ஞாணம்’. சிங்களத்தில் ‘பிங்கான’ என்றால் தட்டு. மலாயில் ‘பிங்கான்’ என்றாலும் தட்டுதான். தமிழில் மட்டும் பெரும்பாலான ஊர்களில் சொல்லின் பொருள் பாத்திரத்தை விட்டுவிட்டு, அந்தப் பாத்திரம் செய்யப்பட்ட பொருளின் மேல் ஏறிக்கொண்டது. பீங்கான் தட்டு, பீங்கான் ஜாடி, மின்கம்பத்தில் பீங்கான் கிண்ணி என்கிறோம். முன்பு சொன்ன ‘பக்கர்’ நினைவிருக்கிறதா? அங்கே உலோகத்தின் பெயர் பாத்திரத்துக்குப் போனது. இங்கே பாத்திரத்தின் பெயர் மண்ணுக்கு வந்தது. எபிரேயத்தில் நடந்தது இன்னும் வேடிக்கை. அங்கே பேச்சு வழக்கில் ‘ஃபின்ஜான்’ என்றால் காபி குடிக்கும் கிண்ணமல்ல, காபி காய்ச்சும் பாத்திரம். துருக்கியர் ‘ஜெஸ்வே’ என்பதை அவர்கள் ‘ஃபின்ஜான்’ என்கிறார்கள்.

காபி வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே பாரசீகத்தில் ‘பிங்கான்’ இருந்தது. அப்போது அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. ஈரானின் வறண்ட பகுதிகளில் மலையடிவார நிலத்தடி நீரைச் சுரங்கக் கால்வாய் வழியாக ஊருக்குக் கொண்டுவருவார்கள். அந்தக் கால்வாய்களில் 11ஐ 2016இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. ஒரு கால்வாய், பல உழவர்கள். யாருக்கு எவ்வளவு நேரம் தண்ணீர்? பெரிய பாத்திரத்தில் நீர் நிரப்பி, அடியில் சிறு துளையிட்ட செம்புக் கிண்ணத்தை அதில் மிதக்க விடுவார்கள். துளை வழியே நீர் ஏறி, கிண்ணம் நிறைந்து மூழ்கினால் ஒரு பங்கு முடிந்தது. எடுத்துக் கவிழ்த்து மறுபடியும் மிதக்க விடுவார்கள். அந்தக் கிண்ணத்தின் பெயரும் ‘பிங்கான்’ தான். நீரைக்கொண்டு நேரம் அளந்த நம் நாழிகை வட்டிலும் பெயரில் பாத்திரம்தான். 1206இல் அல் ஜஸாரி தம் பொறியியல் நூலில் விவரித்த புகழ்பெற்ற யானைக் கடிகாரத்தின் இயக்கமும் இதுவே. யானையின் வயிற்றுக்குள் ஒரு தொட்டி, அதில் மூழ்கும் துளைக் கிண்ணம். கிண்ணம் மூழ்குவதற்கு அரைமணி நேரம். அறிவியல் மன்றத்தில் செய்துகாட்ட ஒரு வாளியும் துளையிட்ட தேங்காய்ச் சிரட்டையும் போதும். துளையைச் சிறிதும் பெரிதுமாக்கி, மூழ்கும் நேரத்தைக் குறித்து வரைபடம் போடச் சொன்னால் கணக்கும் சேர்ந்துவிடும்.

பாரசீகத்தோடு பயணம் முடியவில்லை. ‘பிங்கான்’ கிரேக்கத்தின் ‘பினாக்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது என்பது அறிஞர்கள் பொதுவாக ஏற்கும் கருத்து. அலெக்சாண்டரின் படையெடுப்புக்குப் பிறகு ஈரானில் கிரேக்க மொழி புழங்கிய நூற்றாண்டுகளை நினைத்தால், இதில் வியப்பில்லை. பினாக்ஸ் என்றால் முதலில் பலகை. பலகையில் உணவு வைத்தால் அது தட்டு. மெழுகு பூசி எழுதினால் எழுதுபலகை. வண்ணம் தீட்டினால் ஓவியம். ஏதென்ஸ் நகரத்து நீதிமன்ற நடுவர்களுக்கு வழங்கப்பட்ட பெயர்த் தகடு ‘பினாக்கியன்’. அலெக்சாந்திரியா நூலகத்து நூல்களுக்கெல்லாம் கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் கலிமாக்கஸ் 120 சுருள்களில் எழுதிய பட்டியலின் பெயர் ‘பினாக்கெஸ்’. ஜெர்மனியின் மியூனிக் நகரத்து ஓவியக்கூடம் இன்றும் ‘பினாக்கோதேக்’. கிரேக்கப் பள்ளிகளில் ஆசிரியர் சுண்ணக்கட்டியால் எழுதும் கரும்பலகையை இன்று ‘பினகாஸ்’ என்கிறார்கள்.

கிரேக்கத்திலிருந்து புறப்பட்ட சொல், பாரசீகத்தில் கிண்ணமாகி, அரபியில் எழுத்து மாறி, துருக்கியில் காபி குடித்து, திரும்பவும் கிரேக்கத்துக்கே வந்து சேர்ந்தது. அங்கே கோப்பைக்கு இன்று ‘ஃபிளிட்சானி’ என்று பெயர். கரும்பலகையும் காபிக் கோப்பையும் ஒரே சொல்லின் இரு பிள்ளைகள் என்பது ஒரு கிரேக்க ஆசிரியர் அறையில் தினமும் நடக்கும் காட்சி. பெரும்பாலோர் அதை நினைத்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

இதை ஏழாம் வகுப்பில் சொன்ன வாரம், வீட்டிலிருக்கும் பாத்திரப் பெயர்களை எழுதிவரச் சொன்னேன். பாடநூல் பெயர்கள் வேண்டாம், வீட்டில் கூப்பிடும் பெயர்கள்தான் வேண்டும் என்பது நிபந்தனை. சருவம், குண்டான், தூக்குப்போணி, கும்பா, லோட்டா, கூஜா, ஏனம் என்று பட்டியல் நீண்டது. ‘ஏனம்’ என்று எழுதிய சிறுமியைப் பார்த்துப் பக்கத்துப் பையன் சிரித்தான். அகராதியை அவனிடமே கொடுத்துத் தேடச் சொன்னேன். ‘பாத்திரம்’ என்ற பொருள் அங்கே அச்சில் இருந்ததைக் கண்டதும் அவனே எழுந்து சத்தமாகப் படித்தான். கூஜா பாரசீகக் ‘கூஸா’. கோப்பை போர்ச்சுகீசியக் ‘கோப்போ’. உலக வரைபடத்தில் நூல் கட்டி ஒட்டினோம். பல்கேரியாவுக்கும் ஒரு நூல் போயிற்று. பீங்கான் முறை வந்தபோது, பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன் சொன்னான்: “எங்க நன்னி எவர்சில்வர் தட்டையும் பீங்கான்னுதான் சொல்லும் சார்.”